டாக்டரம்மா தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

டாக்டரம்மாவை நினைத்ததும் அவருடைய வலது கை நடுவிரல்தான் எனக்கு முதலில் கண்முன் வரும். குழந்தையின் பாதத்தை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கேரம் காயைச் சுண்டுவது போல அந்த விரலால் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார். சுண்டியதும் கண்களை மூடிக்கொள்வார். குழந்தை வீரிட்டு அழுதால் அவர் முகம் மலரும். பக்கத்தில் நிற்கும் பெற்றவளின் முகமோ சுருங்கும். பச்சைப் பிள்ளையை அடித்து அழவைத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற டாக்டரை எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏர்ப்பேடு பக்கம் ஒரு கிழவி அவர் கையைத் தட்டிவிட்டு, உனக்கென்ன பைத்தியமா என்று தெலுங்கில் கேட்டே விட்டாள். டாக்டரம்மா அதற்கும் சிரித்துவிட்டு, அடுத்த குழந்தையின் காலைப் பிடித்தார்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, ஆபீஸ்கள் எல்லாம் கர்னூலுக்குப் போய், அங்கிருந்து ஐதராபாத்துக்கு மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பதியில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் யூனிட் இருந்தது. குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் நோய்களைக் கண்காணித்து ஆராய்வது எங்கள் வேலை. டாக்டரம்மா தலைவர், நான் ஹெல்த் விசிட்டர், ஒரு கிளார்க், ஜீப்புக்கு ஒரு டிரைவர், அவ்வளவுதான் பரிவாரம். டாக்டரம்மா சித்தூர்க்காரர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார், கோபம் வந்தால் திரும்பவும் தமிழுக்கு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் நகரிப் பக்கம். எனக்கு வாய் நீளம். அவர் சொல்வதற்கெல்லாம் ஒரு மறுப்புச் சொல்வேன், அவரும் விடமாட்டார். ஜீப்பில் நாங்கள் போடும் சண்டையைக் கேட்டுக் கேட்டு டிரைவருக்கே பாதி வைத்தியம் தெரிந்துவிட்டது.

காலராவும் அம்மையும் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன நாட்களில், ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் நோயைத் தேட ஒரு ஜீப்பா என்று மேலதிகாரிகள் கேலி பேசினார்கள். மீட்டிங்கில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். அந்த ஒரு குழந்தையைப் பெற்றவளிடம் போய் உங்கள் ஆயிரக் கணக்கைச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் ஜீப்புக்குப் பெட்ரோல் குறைந்ததே தவிர, அவர் பயணத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனோம், மாட்டுவண்டியில் போனோம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு மருத்துவச்சியும் கம்பவுண்டரும் மாதம் ஒருமுறை அவருக்குச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும். நோய் இருந்தாலும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். குடுபல்லி கம்பவுண்டரிடமிருந்து தொடர்ந்து சேதி வராமல் போகவே, குப்பம் வரை ரயிலில் போய், அங்கிருந்து அந்த ஊருக்கு நடந்தோம். நோயே இல்லை, எதற்கு வீணாக என்று இருந்துவிட்டேன் என்றார் அவர். டாக்டரம்மா உட்காரக்கூட இல்லை. “இல்லன்னு நீங்க சொன்னா அது ஒரு சேதி. வாய மூடிக்கினு இருந்தா, நான் இருக்குதுன்னு வெச்சிக்கிறதா, இல்லன்னு வெச்சிக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அந்த மனிதர் மாதா மாதம் நோய் இல்லை, மழை இல்லை, மருந்தும் இல்லை என்று எல்லா இல்லைகளையும் எழுதி அனுப்பலானார். டாக்டரம்மா ஒவ்வொன்றையும் படித்தார்.

நாங்கள் தேடிய நோய்களில் ஒன்று அழாத குழந்தையின் நோய். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாமல் போவதால் வருவது. பிறந்த குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். பாலுக்கு அழாது. பெற்றவர்கள் கவலைப்பட மாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. எங்கள் பிள்ளை சாது, ராத்திரியெல்லாம் தூங்க விடுகிறது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வயது ஏறும், உயரம் ஏறாது. நாக்கு தடித்து வெளியே நீளும், புத்தி வளராது. சந்தேகம் வந்து டாக்டரிடம் தூக்கி வரும்போது காலம் கடந்திருக்கும். இத்தனைக்கும் அதற்கு மருந்து இருந்தது. சின்ன மாத்திரை, தினம் ஒரு துணுக்கு. பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பித்துவிட்டால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தள்ளிப்போனால் உடம்பு ஓரளவு வளரும், புத்தி வராது. அழாத குழந்தையை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் டாக்டரம்மாவுக்கு இருந்த வெறி.

அப்போது எங்கள் ஜில்லாவிலேயே இருந்த திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்படி இரண்டு குழந்தைகள் கிடைத்தார்கள். ஆறு வயதில் இரண்டு வயதுக்காரன் போல ஒரு பையன், அவனைவிடச் சின்னதாக ஒரு பெண். பையனை ஊருக்குள் ஒருத்தி தன் பிள்ளை என்று ஜீப்புக்குத் தூக்கி வந்தாள். பெண்ணை ஏரிக்கரை வீட்டுக்காரி ஒருத்தி அதேபோலத் தூக்கி வந்தாள். ஒரே ஊரில், சொந்தமில்லாத இரண்டு வீடுகளில் ஒரே நோய் என்றால் கோளாறு தண்ணீரிலோ உப்பிலோதான் என்று டாக்டரம்மா முடிவு கட்டினார். ஊரின் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்து, ஜாடி ஜாடியாகச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு ஒன்றும் சரியாக வரவில்லை. மறுபடி எடுத்தோம். ஒரு கோடைகாலம் முழுதும் இதிலேயே போயிற்று.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண் குழந்தைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, வழக்கம் போலக் காலைப் பிடித்துச் சுண்டப் போனவர் அப்படியே நின்றார். குழந்தையின் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பாதிவரை ஒட்டியிருந்தன. பையனைக் கொண்டுவரச் சொன்னார். அவன் காலிலும் அதேபோல. தாய் என்று சொல்லிக்கொண்ட இரண்டு பெண்களின் கால்களையும் பார்த்தார், விரல்கள் தனித்தனியாகத்தான் இருந்தன. கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி எப்போதும் நிற்பாள், பெயர் கன்னியம்மா. டாக்டரம்மா நேராக அவளிடம் போய், மண்தரையில் குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார். இரண்டு கால்களிலும் அந்த இரண்டு விரல்களும் ஒட்டியிருந்தன.

கன்னியம்மா அழவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டாள். “மொதப் புள்ள செத்துப்போச்சி. அத்தொட்டுதான் பையன மொறத்துல வெச்சி எதிர்வூட்டுக்காரிக்குக் குடுத்து, தவுடு குடுத்து வாங்கிக்கினேன். அவன் எந்திரிச்சி நடக்கல. அவ கை ராசி இல்லன்னு, அடுத்தத ஏரிக்கர வூட்டுக்காரிக்குக் குடுத்தேன். என் புள்ளன்னு நான் வாயால சொல்லக் கூடாதும்மா.” பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தி, நிறையப் பிள்ளை பெற்றவளிடம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை அவளுடையதாகிவிடும். பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கி வளர்ப்பாள். எங்கள் தெருவிலேயே அப்படி வாங்கிய பிள்ளைகள் உண்டு. ஆனால் ஜீப்பும் ஸ்டெதாஸ்கோப்பும் எதிரில் நிற்கும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. எழுதிக்கொள்ள வருகிற வெளியாளிடம் உண்மைத் தாயைச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரே சேர்ந்து காத்த ரகசியம் அது. அதைத்தான் நாங்கள் தண்ணீர்க் கோளாறு என்று ஆராய்ந்துகொண்டிருந்தோம். கணவன் அவளுக்குத் தாய்மாமன், நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இப்படிப்பட்ட நோய் பிள்ளைகளுக்கு வருவதுண்டு. என் அம்மாவும் மாமனைத்தான் கட்டிக்கொண்டாள் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா ஜீப்பிலிருந்த தண்ணீர் ஜாடிகளை எல்லாம் இறக்கி, பூசணிக்கொடிக்கு ஊற்றச் சொன்னார்.

கன்னியம்மா அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நோய் குடும்பத்தில் வருவது என்று தெரிந்துவிட்டதால், அந்தக் குழந்தைதான் இனி எல்லாம் என்று ஆகிவிட்டது டாக்டரம்மாவுக்கு. பிறந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பு, நான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அதற்குள் எல்லை மாறிற்று. நாலு வருஷம், ஐந்து வருஷம் என்று வழக்கும் ஊர்வலமுமாக இழுத்துக்கொண்டிருந்தது ஒருவழியாக முடிந்து, திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, வரதய்யபாளையம் சத்தியவேடு பக்கம் எங்களிடம் வந்தது. புதிதாக வந்த ஊர்களில் டாக்டரம்மா மறுவாரமே சுண்டத் தொடங்கிவிட்டார். போன ஊர்களைத்தான் அவரால் விடமுடியவில்லை. ஜீப் எல்லையைத் தாண்டக்கூடாது, நம்முடைய மாத்திரை அடுத்த ராஜ்யத்துக் குழந்தைகளுக்குப் போகக்கூடாது, அவர்கள் தனியாக யூனிட் தொடங்கும்வரை பொறுக்கவும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. டாக்டரம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். “அதுவரைக்கும் வளராம இருன்னு அந்தப் பாப்பாவுக்கு ஒரு உத்தரவு போடச் சொல்லு,” என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

திருத்தணியிலிருந்து திருமலைக்குச் சாமி கும்பிட வந்த ஒருவர் மூலம் கன்னியம்மாவின் சேதி வந்தது. பெண் பிறந்திருக்கிறது, தீட்டுக் கழிக்கிற அன்று தவிட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள், குழந்தை ரொம்ப சாது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் டாக்டரம்மா லீவு எழுதிக் கொடுத்தார். நானும் எழுதிக் கொடுத்தேன். ரேணிகுண்டாவில் ரயில் ஏறினோம். மாத்திரைக் குப்பி டாக்டரம்மா சொந்தக் காசில் வாங்கியது, ஆகவே அது எந்த ராஜ்யத்து மாத்திரையும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாணி தெளித்து, முறத்தில் துணி விரித்திருந்தார்கள். ஒரு டஜன் பிள்ளை பெற்ற மேலத்தெருக்காரி ஒருத்தி வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வயிற்றைத் தொட்டார், உச்சந்தலையைத் தடவினார். தோல் சில்லிட்டு, கண்ணில் மஞ்சள் இன்னும் மாறாமல் இருந்தது. பிறகு காலைச் சுண்டிவிட்டுக் கண்ணை மூடினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சுண்டினார். தொண்டை கட்டியவன் இருமுவது போல ஒரு கரகரப்பு வந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா கண்ணைத் திறந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மாத்திரை என்றதும் கன்னியம்மாவின் கணவன் முன்னால் வந்தான். முரடன் இல்லை, பயந்தவன். “மாத்திர துன்னுதுங்களே அது ரெண்டும், எந்திரிச்சி ஓடுதுங்களா? வாணாம்மா. இன்னியிலிருந்து இது மேலத்தெரு அம்மாவோட புள்ள. அவங்களக் கேளுங்க.” மேலத்தெருக்காரி, என் தலையில் பழியைப் போடாதீர்கள் என்று எழுந்துவிட்டாள். அந்த இரண்டுக்கும் தாமதமாகிவிட்டது, இதற்கு இன்னும் காலமிருக்கிறது என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். யாரும் கேட்பதாக இல்லை. டாக்டரம்மா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாதாரணமாக, அப்படியானால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. கன்னியம்மாவின் மாமியார்தான் எல்லாரும் நினைத்ததைக் கேட்டாள். புள்ளை பெறாதவங்க கையில எப்படிக் குடுக்கிறது என்று. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் குரல் மட்டும் மாறவில்லை. “எனக்கு உசுரோட எத்தினி புள்ளைங்க இருக்குதுங்கன்னு இவளக் கேளுங்க,” என்று என்னைக் காட்டினார்.

நான் சொல்லத் தொடங்கினேன். ஏர்ப்பேட்டில் ஒரு பையன், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். புத்தூரில் இரட்டைப் பெண்கள். குப்பம் ரோட்டில் ஒரு செட்டியார் வீட்டுக் குழந்தை. ஊர் ஊராக, பெயர் பெயராக, முகம் முகமாக, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அத்தனையும் அந்த நடுவிரல் கண்டுபிடித்த பிள்ளைகள். எந்த ஊரோடு நிறுத்தினேன் என்று நினைவில்லை. நான் நிறுத்துவதற்குள் கன்னியம்மா எழுந்து, குழந்தையை முறத்தில் கிடத்தி, யாரையும் கேட்காமல் டாக்டரம்மாவின் முன்னால் நீட்டினாள்.

“அந்த ரெண்டுக்கும் எழுதும்போது பொய்யி சொல்லிட்டோம். இத உன் பேர்லயே எழுதிக்கோம்மா,” என்றாள்.

டாக்டரம்மா முறத்தோடு வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டார். கன்னியம்மா அளந்து கொடுத்த ஒரு படி தவிட்டை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது, மாமியாரையும் கணவனையும் பார்த்து அவர் சொன்னதை அந்த ஊர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. “இது என் புள்ள. நீங்க வளக்கிறீங்க. நான் சொல்றத நான் சொல்ற மாதிரி குடுக்கணும். ஒரு நாளு உட்டாலும் நான் வந்து தூக்கிக்கினு போயிடுவேன்.” வாங்கியவள் சொல்லுக்கு மேல் அங்கே சட்டம் கிடையாது. முதல் மாத்திரைத் துணுக்கைத் தாய்ப்பாலில் கரைத்து அவரே புகட்டினார்.

திருப்பதி திரும்பியதும் குழந்தையை யூனிட்டின் பதிவில் ஏற்றச் சொன்னார். ஆராய்ச்சிக் குறிப்பில் பெற்றவள் கன்னியம்மா என்று தெளிவாக எழுதவைத்தார், அதில் அவர் விளையாடமாட்டார். மாத்திரை வழங்கும் பதிவில் மட்டும், குழந்தை யாருடையது என்ற இடத்தில் தன் பெயரையும், விலாசத்துக்குத் திருப்பதியிலிருந்த தன் குவார்ட்டர்ஸையும் எழுதச் சொன்னார். கல்யாணமாகாத டாக்டருக்குப் பிள்ளை எப்படி வந்தது என்று மேலிடம் விளக்கம் கேட்டது. தவிட்டுக்கு வாங்கினேன் என்று ஒற்றை வரியில் பதில் எழுதினார். ஐதராபாத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் கடிதமே வரவில்லை.

மாதம் ஒருமுறை கன்னியம்மா மூன்று பிள்ளைகளோடு ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வருவாள், பிள்ளையை உடையவளிடம் காட்ட. பிளாட்பாரம் எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. விஷயம் பரவி, அந்தப் பக்கத்தில் விட்டுப்போன மற்றக் குழந்தைகளின் தாய்களும் முறத்தோடும் தவிட்டோடும் வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா ஒவ்வொருத்தியிடமும் முறையாக வாங்கினார். குவார்ட்டர்ஸில் ஒரு பசு இருந்தது, வந்த தவிடெல்லாம் அதற்குத்தான். அந்த வருஷங்களில் அதன் பால் தயிராக உறையும்போது மேலே ஒரு விரல் ஆடை நிற்கும்.

எல்லாம் நல்லபடியாக நடந்ததென்று சொன்னால் பொய்யாகும். கன்னியம்மாவின் பையன் மீசை முளைக்கும் வயதில் காய்ச்சலில் போய்விட்டான். நடுப்பெண் நடந்தாள், தண்ணீர் எடுத்தாள், ஆனால் பேச்சு நாலைந்து சொற்களோடு நின்றுவிட்டது. கடைசிப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் பயந்தோம். பல் முளைத்ததா, எழுந்து நின்றாளா என்று டாக்டரம்மா ரயிலை எதிர்பார்த்து நின்ற நாட்களில் அவர் பக்கத்தில் போகவே எனக்குப் பயமாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயது முடிகிற சமயம், பிளாட்பாரத்தில் ஒருவன் பலூன் விற்றுக்கொண்டு போனான். வேண்டுமென்றாள். கன்னியம்மா முடியாதென்றாள். உடனே தரையில் விழுந்து, கைகால்களை உதைத்துக்கொண்டு, “பலூனு, பலூனு” என்று ஸ்டேஷன் முழுதும் திரும்பிப் பார்க்கும்படி அவள் அலறிய அலறல்! கன்னியம்மா அடிக்கக் கை ஓங்கினாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த அழுகை ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை. பலூன் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டரம்மா போய் வெகுகாலமாகிவிட்டது. பலூனுக்கு அழுத தவிட்டுப் பெண் படித்து, பள்ளிக்கூட டீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். மாத்திரை மட்டும் இன்றைக்கும் காலையில் தவறாது. போன வருஷம் அவளுக்குப் பேத்தி பிறந்தது, திருப்பதியிலேயே. என்னையும் காரில் அழைத்துக்கொண்டு போனாள். எனக்கு இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஏசி போட்ட அறையில் ஒரு சின்ன நர்ஸ் வந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் எடுப்பதுதான், தைராய்டு முதற்கொண்டு பார்த்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றினாள். எந்தக் காலை டாக்டரம்மா சுண்டினாரோ அந்தக் காலுக்கு இன்று ஒரு ஊசி போதும். யாரும் யாரையும் முறத்தில் வைத்துக் கொடுக்க வேண்டாம். குழந்தை வீரிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால், தவிட்டுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னா பாட்டி, கொழந்த அழுவுது, நீங்க சிரிச்சிகினு நிக்கிறீங்க?” என்றாள் நர்ஸ்.

“கொழந்த அழுவுறத எங்கம்மா இப்படித்தான் கேட்டுக்கினு நிப்பாங்க,” என்றாள் அவள்.

“உங்கம்மா டாக்டரா?”

“ஆமா,” என்றாள். குழந்தையின் குதிகாலில் வைத்த பஞ்சைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிறு பாதத்தில் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பாதிவரை ஒட்டியிருந்தன.